குதிரைவெட்டி வண்டியும் நான் தைத்த அட்டை உறையும்

முதலில் வேன் கதையைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

2022 கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு ஆட்கள், சித்தி வீட்டு ஆட்கள் என்று பத்துப் பேர், மணிமுத்தாற்றுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டம் இருக்கிற மாஞ்சோலைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். வண்டி ஏற்பாடு செய்தவரிடம், "வனத்துறை அனுமதி வாங்கணும்லா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "அதெல்லாம் நம்ம பாத்துக்கிடலாம்க்கா, நீங்க சோத்த மட்டும் கட்டிட்டு வாங்க" என்றார். 2000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பி, மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் போய் நின்றால், எங்கள் வண்டி பெயரில் அனுமதியே இல்லை. அன்றைக்கு விடவேண்டிய வண்டிக் கணக்கும் முடிந்துவிட்டது. சாவடியில் இருந்த பையன் தன்மையாகத்தான் பேசினான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வேன்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோலப் பேசிக்கொண்டே புளியமரத்து நிழலுக்குப் போனவர், முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார். கடைசியில் மணிமுத்தாறு அணைப் பூங்காவில் உட்கார்ந்து புளியோதரையைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். என் சின்ன மகள் இன்றைக்கும் மாஞ்சோலை என்றால் ஒரு பூங்கா, ஒரு சறுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முன்பணம் போனது போனதுதான்.

கல்லிடைக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்க வருகிறவர்களில் மாதம் இரண்டு பேராவது, "மேல போய் டேம் தண்ணியப் பாக்கணும், நல்ல வண்டி சொல்லுங்க" என்று கேட்காமல் போவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால்தான் இந்த மதிப்புரை. நான் சொல்லும் வண்டி ஒன்றே ஒன்று. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக மலையேறி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் குதிரைவெட்டி வரைக்கும் போகிற அரசுப் பேருந்து.

நான் போனது 2023 அக்டோபரில். சும்மா சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அண்ணன் அப்போது ஊத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தான். மதினி ஊத்திலேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். அவளுக்கு நாலு ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு ராத்திரி தங்கி வரலாம் என்று கிளம்பினேன்.

வண்டியில் ஏறியதும் என் கண் போனது இருக்கைக்குத்தான், தொழில் புத்தி. ரெக்சின் உறை மூலையில் கிழிந்து, யாரோ சணல் கயிற்றால் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். தையல் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் விட்டுப்போகவும் இல்லை. அந்த வண்டியைப் பற்றி மொத்தமாகச் சொல்லவேண்டியதும் அதுதான். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கும், மேலேயும் போகாது கீழேயும் வராது. பின்சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு கழன்றுவிடும். நடுவில், சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். அணைத் தண்ணீர் எந்தப் பக்கம் தெரியும், வலமா இடமா என்று கேட்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பக்கம் மாறும், அதனால் ஜன்னலோரம் கிடைத்தால் போதும்.

100 ரூபாய்த் தாளை நீட்டினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஊத்துல யாரு வீட்டுக்குக்கா?" என்றார். அண்ணன் பெயரைச் சொன்னதும், "அவியளா? நேத்துத்தான் கீழ வந்துட்டுப் போனாவ" என்று சில்லறையைக் கையில் வைத்தார். எந்த டிராவல்ஸ் வண்டியில் இப்படிக் கேட்பார்கள்?

மணிமுத்தாறு வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. வயல், வாழை, பட்டாலியன் முகாம், அப்புறம் அணைக்கட்டு. காமராஜர் காலத்து அணை. முழு மட்டம் 118 அடி. அன்றைக்குத் தண்ணீர் எங்கேயோ அடியில் கிடந்தது, கரையெல்லாம் செம்மண்.

சாவடியில் வனத்துறை ஆள் ஏறிப் பைகளைப் பார்த்தார். பிளாஸ்டிக் பை இருந்தால் எடுத்துவிடுவார்கள், மதுப்பாட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் சாப்பாட்டை வாழை இலையில் கட்டி, அதைத் துண்டில் முடிந்து வைத்திருந்தேன். ரவிக்கைகளைத்தான் கடைப் பெயர் போட்ட பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன், மடத்தனமாக. உறையை உருவிக்கொண்டு ரவிக்கையை மட்டும் கொடுத்தார். இதற்காகவே இப்போதெல்லாம் துணிப்பை தைத்துவிட்டேன், வாடிக்கையாளருக்கும் அதுதான்.

சாவடி தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் மணிமுத்தாறு அருவி. அதற்குமேல்தான் நிஜமான மலை ரோடு. தார் இருக்கும், திடீரென்று இருக்காது. சல்லி பெயர்ந்த இடங்களில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, முனகி, நிமிரும். சில வளைவுகளில் மூங்கில் கிளை ஜன்னலுக்குள் வந்து முகத்தில் தடவிவிட்டுப் போகும். டிரைவர் ஐம்பதை நெருங்கினவர். கியர் மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார், மற்றபடி முகத்தில் ஒரு அசைவும் கிடையாது. எதிரே ஒரு ஜீப் வந்தது. யார் பின்னால் போவது என்று கையாலேயே பேசிக்கொண்டார்கள், ஹாரன் இல்லை. நான் தைக்கிற மெஷின் மாதிரி அந்த வண்டி அவர் சொன்னபடி கேட்டது.

வண்டிக்குள் மனிதர்களைவிடச் சாமான் அதிகம். இரண்டு மூட்டை அரிசி, சின்ன வெங்காயம், பேப்பர்க் கட்டு, ஒரு டயர், கூடைக்குள் கோழிக்குஞ்சுகள். என் பக்கத்தில் மின்வாரியத்துக்காரர் ஒருவர் மேல் கோதையாறு அணைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த அணை கன்னியாகுமரி மாவட்டத்து மின்திட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் வண்டியில் அங்கே போகவேண்டுமென்றால் எங்கள் ஊர் வழியாக, மாஞ்சோலை ஏறித்தான் போகவேண்டும். பேச்செல்லாம் அரிக்கொம்பன் யானையைப் பற்றி. அந்த ஜூன் மாதம்தான் கம்பம் பக்கம் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கோதையாற்றுக் காட்டில் விட்டிருந்தார்கள். "தேயிலைக்குள்ள வந்து நின்னுச்சாம்லா?" என்று நான் கேட்டதற்கு, முன்சீட்டுப் பாட்டி திரும்பி, "அது பாவம்ளா. ஊருவிட்டு ஊரு கொண்டாந்து விட்டா, அது எங்கன போவும்?" என்றாள். அதற்குமேல் யாரும் யானையைக் குறை சொல்லவில்லை.

மாஞ்சோலையில் வண்டி நின்றதும் டிரைவர் இறங்காமலே ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டார். பிரஷர் மாத்திரையாம். அம்பாசமுத்திரத்தில் வாங்கி வாரம் ஒரு தடவை டிரைவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். டீக்கடையில் டீ குடிக்க நேரம் கொடுத்தார்கள். டீ எங்கள் ஊர்க் கடை டீ மாதிரித்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்து நடுவில் நின்று குடித்தால் அமிர்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வெளியூர்க்காரர்கள் இதை மலைவாசஸ்தலம் என்கிறார்கள். எங்கள் தெருவில் மாஞ்சோலை என்றால் முதலில் ஞாபகம் வருவது 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் செத்த நாள். மதினியின் அம்மா அந்த ஊர்வலத்தில் போனவர். கரையேறி வந்தவர். மதினி அதைப் பேசமாட்டாள், நானும் கேட்டதில்லை.

காக்காச்சியில் மூடுபனி வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. சோலைக்காட்டை ஒட்டி வண்டி மெதுவாகப் போனபோது கருமந்தி ஒன்று கிளையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நாலுமுக்கு, ஊத்து என்றெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் பேப்பரில் மழை அளவுக் கட்டத்தில் வருமே, அந்தப் பெயர்களெல்லாம் இங்கே வெறும் நிறுத்தங்கள். தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயன் வீடு நான்கு வரிசை, ஒரு கோவில், ஒரு மரத்தடி. கல்லிடைக்குறிச்சியில் ஏறி மூன்றரை மணி நேரம் கழித்து ஊத்தில் இறங்கினேன். முதுகு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. மூட்டுவலி, முதுகுவலி உள்ளவர்கள், வண்டி ஆட்டத்தில் வாந்தி வருகிறவர்கள் யோசித்துக் கிளம்புங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

மதினி ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் இறுக்கு" என்றாள். கொழுந்து பறிக்கிற கை. அவளுடைய அளவு வருஷா வருஷம் தோளில் ஏறும். அதைக் கணக்குப் பண்ணாமல் பழைய அளவில் வெட்டியது என் தப்பு. உள்தையல் விட்டிருந்ததால் அங்கேயே பிரித்துச் சரி பண்ணினேன்.

மறுநாள் காலையில் குதிரைவெட்டிக்கு நடந்தோம். காட்டுக்குள் இல்லை, வண்டி போகிற ரோட்டிலும், வேலைக்காரர்கள் போகிற தேயிலைக் குறுக்குப் பாதையிலும். இது புலிகள் காப்பகம், களக்காடு முண்டந்துறை. 1988-ல் அறிவித்தது. சும்மா கால்போன போக்கில் நடக்கிற இடமில்லை. அண்ணன் விடியற்காலையிலேயே, ராத்திரி யானை எந்தப் பக்கம் நின்றது என்று நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் எங்களைக் கிளப்பினான். அண்ணன், மதினி மாதிரி உள்ளூர் ஆள் இல்லாமல் வருகிறவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்து குதிரைவெட்டி வரைக்கும் போய் வாருங்கள். காட்சி ஒன்றுதான்.

இங்கேதான் என் சொந்தச் சரக்கின் பரிசோதனை. அட்டை உறை. போன தடவை ரத்தம் குடிக்கிற அட்டைப் பூச்சி கடித்து, கணுக்கால் இரண்டு நாள் அரித்ததால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் நானே தைத்தேன். நெருக்கமாக நெய்த கெட்டிக் காடாத் துணி. பாதத்திலிருந்து முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வரைக்கும் ஒரே பை. மேலே நாடா கோர்க்கப் பட்டி. இதைக் காலில் மாட்டி, அதற்குமேல் செருப்போ ஷூவோ. சாயம் போடவில்லை. வெள்ளையில்தான் அட்டை ஏறுவது தெரியும்.

மதினி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாப்பிள்ளைக்குப் பாவாடை தச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவர்கள் சுண்ணாம்பையும் புகையிலையையும் குழைத்துக் காலில் தடவிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மழை நன்றாகப் பிடித்தால் அதுவும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று அவளே சொன்னாள்.

பாதி வழியில் ஒன்று ஏறியது. குனிந்து பார்த்தேன். தீக்குச்சிக்குப் பாதி கனம்கூட இல்லை, ஈரமான பழுப்பு நூல் மாதிரி. வாலை ஊன்றி நிமிர்ந்து, தலையைக் காற்றில் அப்படியும் இப்படியும் ஆட்டித் தேடியது. அப்புறம் தலையை வைத்து வாலை இழுத்தது, மறுபடி தலை, மறுபடி வால். சாண் போட்டுத் துணியை அளந்துகொண்டு மேலே ஏறியது. நான் கடையில் கட்டிங் போடுமுன் அளக்கிற மாதிரியே இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு சாணுக்கும் நின்று துணியைக் குத்திப் பார்த்தது. நெசவு விடவில்லை. முழங்கால் கிட்டே வந்ததும் விரலால் சுண்டிவிட்டேன்.

வலது கால் ஜெயித்தது, இடது கால் தோற்றது. கணுக்கால் மடிப்பில் நான் அவசரத்தில் தையலைப் பெரிது பெரிதாக ஓட்டியிருந்தேன். சின்ன அட்டை ஒன்று அந்தத் தையல் இடைவெளியில் தலையை நுழைத்துவிட்டது. உறையைக் கழற்றியபோது திராட்சை அளவுக்கு உருண்டு, தானே கழன்று விழுந்தது. வலியே தெரியாது, ரத்தம் மட்டும் நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும். துணிக்கு நூற்றுக்கு நூறு, தையல்காரிக்கு அறுபது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். அதற்காகத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்.

குதிரைவெட்டியில் மேடு முடிகிற இடத்தில் நிலம் சட்டென்று கீழே விழுகிறது. நாங்கள் போனபோது ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை வேட்டியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்த மாதிரி மூடுபனி. அரை மணி நேரம் உட்கார்ந்தோம். வேனில் போயிருந்தால் டிரைவர் இந்நேரம் கிளம்பலாமா என்று சாவியைச் சுழற்றியிருப்பார். மதினி ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அப்புறம் காற்று ஒரு பக்கமாகத் திரும்பியது. முதலில் எதிர்மலையின் உச்சி, அப்புறம் நடுக்காடு, கடைசியில் அடியில் தண்ணீர். பச்சையும் இல்லை கறுப்பும் இல்லை, பட்டுப் புடவையில் இரண்டு நிறம் ஓடுமே, அப்படி. மலை மடிப்புக்குள் கை கையாக நுழைந்து கிடந்தது. முழுசாக நிரம்பாததால் கரை நெடுக ஒரு செம்பழுப்புப் பட்டை, புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்தது மாதிரி.

"காரையாறு" என்றான் அண்ணன்.

நான் அந்தத் தண்ணீரில் போயிருக்கிறேன். 1993-ல், பன்னிரண்டு வயதில். அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அண்ணனையும் பாபநாசத்திலிருந்து காரையாறு பஸ்ஸில் கூட்டிப்போனார். அணைக்கு மேல்புறம் படகுத்துறை. டீசல் மோட்டார் படகு, பலகை இருக்கை, டீசல் வாடை. காலடியில் கசிகிற தண்ணீரை ஒரு பையன் பெயிண்ட் டப்பாவால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் முழு நேரமும் அந்த டப்பாவையேதான் பார்த்தேன். அவன் கை நின்றால் நாம் போய்விடுவோம் என்று ஒரு பயம். தண்ணீருக்குமேல் பட்ட மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அணை கட்டுமுன் இங்கே காடு இருந்தது என்று அப்பா சொன்னார். இரண்டு பக்கமும் மலை நெருங்கி நெருங்கி வந்து, மோட்டார் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாணதீர்த்தம். ராமர் பாணம் விட்டு உண்டாக்கிய தீர்த்தம் என்பார்கள். படகிலிருந்து இறங்கிப் பாறையில் ஏறி, சாரலில் நனைந்து, அப்பா கொண்டுவந்த முறுக்கு நமுத்துப்போய்த் தின்றோம். பயம், நனைந்த முறுக்கு எல்லாம் சேர்த்து, என் வாழ்க்கையில் நான் போன சிறந்த பயணம் அது. அந்தப் படகு நின்று பல வருடம் ஆகிறது. இப்போது யாராவது "பாணதீர்த்தத்துக்குப் படகு ஏற்பாடு பண்ணித் தாரேன்" என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அன்றைக்குப் படகில் இருந்தபோது மலை மட்டும்தான் தெரிந்தது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. முப்பது வருடம் கழித்து அதே மலையின் தலையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால், நான் பயந்த அந்தக் கடல் ஒரு ரவிக்கைத் துணி அளவுக்குக் கிடக்கிறது. "எந்த இடத்துலண்ணே அருவி?" என்று கேட்டேன். அவன் கையை நீட்டிய பக்கம் மேகம் மூடியிருந்தது. தெரியவில்லை.

பக்கத்து மடிப்பில் இன்னொரு துண்டுத் தண்ணீர் தெரிந்தது, சேர்வலாறு. பேப்பரில் தினமும் போடுவார்கள்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைய மட்டம் இவ்வளவு. எங்கள் ஊரில் விவசாயம் இல்லாதவர்கள்கூட டீக்கடையில் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். இதில் பாபநாசம் அணை என்று போடுவதுதான் நாங்கள் சொல்லும் காரையாறு. அதுவும் சேர்வலாறும் மலைக்குள்ளே குடைந்த சுரங்கத்தால் இணைந்தவை. மேலேயிருந்து பார்த்தால் நடுவில் ஒரு மலை முதுகு கிடக்கிறது, இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருக்கின்றன. உள்ளுக்குள் பேச்சுவார்த்தை உண்டு. இந்தத் தண்ணீர்தான் இறங்கிப் பாபநாசத்தில் 1944 முதல் கரண்டாகி, அப்புறம் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, எங்கள் வீட்டுப் பின்னால் ஓடுகிற வாய்க்காலுக்கும் வருகிறது. அந்த வாய்க்காலில்தான் நான் காடாத் துணியை நனைத்துச் சுருக்கம் எடுத்தேன்.

மூடுபனி மறுபடி மூட, எழுந்து வந்துவிட்டோம். தண்ணீர் தெரிந்தது மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஏழு மணி நேரப் பஸ் பயணமா என்று கேட்கிறவர்கள், தயவுசெய்து வராதீர்கள். காரையாற்றுக்கே நேராகப் போங்கள். பாபநாசத்திலிருந்து பஸ் இருக்கிறது, சொரிமுத்து ஐயனாரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றில் காலை நனைத்துத் திரும்பலாம். ஆடி அமாவாசைக்கு மட்டும் போய்விடாதீர்கள், கூட்டத்தில் காலைக்கூட நனைக்க முடியாது.

மத்தியான வண்டியில் இறங்கினேன். இறக்கம் ஏற்றத்தைவிட மோசம், பிரேக் வாடை வரும். ஆனால் மாலை வெயிலில் மணிமுத்தாற்றுத் தண்ணீர் ஒரு வளைவில் வந்து, அடுத்த வளைவில் போய், மறுபடி வந்து விளையாட்டுக் காட்டும். டிரைவர் மாஞ்சோலையில் நிறுத்தி, அந்தப் பெரியவரிடமிருந்து காலி மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரத்துக்கு மாதிரி.

இதெல்லாம் 2023 கதை. அந்த டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருக்கெடுத்து என்ன பாடு படுத்தியது என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. மழை மேலே விழுந்தது, வெள்ளம் எங்களுக்கு. அதற்கு அடுத்த 2024 ஜூனில் தோட்டத்து வேலையே நின்றது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் தோட்டக் கம்பெனி 99 வருடத்துக்கு எடுத்த குத்தகை, 2028 வரைக்கும் இருந்தது. அதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் விருப்ப ஓய்வு என்றார்கள். சில குடும்பங்கள் இறங்கமாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அண்ணன் குடும்பம் இறங்கிவிட்டது. கட்டில், மெஷின், இரண்டு ஆட்டுக்குட்டி, மதினியின் அம்மா. இப்போது என் கடைக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். மதினிக்குக் கல்லிடைக்குறிச்சி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பளக் கம்பெனிக்குப் போகிறாள். அங்கே வெயிலில்தான் வேலையே. சாயங்காலம் கடைக்கு வந்து பட்டன் கட்டித் தருவாள். பஸ் சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்தாமலே, "இது மலை வண்டி இல்ல, சத்தம் வேற" என்பாள்.

வண்டி நேரம் என்னிடம் கேட்காதீர்கள், அவ்வப்போது மாறுகிறது. அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியாட்கள் மேலே போவதற்கு வனத்துறை என்ன விதி வைத்திருக்கிறது என்பதையும் அன்றைக்கன்றைக்கு அவர்களிடமே கேளுங்கள், இடைத்தரகரிடம் கேட்காதீர்கள். மழை எச்சரிக்கை இருந்தால் வீட்டில் இருங்கள்.

அட்டை உறை வேண்டுமென்றால் தைத்துத் தருகிறேன், ஜோடி 180 ரூபாய். இப்போது கணுக்கால் மடிப்பில் பொடித் தையல், அதன்மேல் இன்னொரு மடிப்பு வைத்து இரட்டைத் தையல். மதினிதான் நூல் இழுத்துப் பார்த்துச் சோதிக்கிறாள். குதிகாலிலிருந்து முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வரைக்கும் நீளம், கெண்டைக்காலின் சுற்றளவு, பாதத்தின் நீளம், இந்த மூன்று அளவு போதும். துணியை ஒரு தடவை நனைத்துக் காயப்போட்டுத்தான் வெட்டுவேன், அதனால் ஒரு வாரம் ஆகும்.